தோம்புக் கோபுரமுள்ள நகரம்

இலண்டனிலும் பாரிசிலும் கல்வி பயிலும் எம் இளைஞர்கள், சனி ஞாயிறு வந்ததும் ஒரு சிறு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதேனும் ஒரு பழைய நகரைக் காணப் புறப்பட்டு விடுகின்றனர். சென்ற விடுமுறையில் இலண்டனில் உறவினர் இல்லத்திலே தங்கியிருந்த நானும் அவ்வாறே இரண்டு நாட்களைப் போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பனிற் கழித்தேன். "ரோமாபுரி இருக்க, வெனிஸ் இருக்க, லிஸ்பனுக்கு ஏன் போகிறீர்கள்?" என்று வீட்டார் வினவினர். வரலாறு படிக்கும் எம் மாணவர் எவரும் அங்ஙனம் வினவமாட்டார். 1505ஆம் ஆண்டளவில் இலங்கைக் கரையில் ஒதுங்கிய பறங்கியர், 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணக் கோட்டையை இழக்கும்வரை, எமது வரலாற்றிலே ஒன்றரை நூற்றாண்டை எழுதியவர்கள். அவர்கள் புறப்பட்ட துறை எப்படியிருக்கும் என்று பார்க்கும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு.

நகரம் தேஜோ ஆற்றின் வாயிலில், குன்றுகளின்மீது அமைந்துள்ளது. கால்வலிக்கு அஞ்சுவோர்க்கு உகந்த இடமன்று. கொழும்பிலே 1960ஆம் ஆண்டோடு மறைந்துபோன ட்ராம் வண்டி அங்கே இன்னமும் ஒடுங்கிய சந்துகளுக்குள் முனகிக்கொண்டு ஏறுகின்றது. ஆற்றங்கரைச் சதுக்கத்திலிருந்து உள்ளே செல்லும் வீதிகள் மட்டும் அளவுகோல் வைத்துக் கீறியவைபோல் நேராக உள்ளன. அந்த நேர்மைக்குக் காரணம் ஒரு பேரழிவாகும்.

1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி கடந்த வேளை, தேவாலயங்களிலே மக்கள் நிறைந்திருக்கையில் நிலம் நடுங்கியது. கூரைகள் வீழ்ந்தன. திறந்த வெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள், நீர் பின்வாங்கி ஆற்றின் அடித்தரை தெரிவதைக் கண்டனர். சற்று நேரத்தில் அந்நீரே மலையாக எழுந்து வந்து அவர்களை வாரிச் சென்றது. எஞ்சியதைத் தீ பல நாட்கள் தின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஐக் கண்ட எமக்கு இக்கதையை விளக்கவேண்டியதில்லை. கடல் உள்வாங்கியபோது வியப்போடு பார்த்து நின்றோர் எமது கிழக்கிலும் வடமராட்சியிலும் எத்தனைபேர்!

நகரை மீண்டும் கட்டியெழுப்பிய அமைச்சர் பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்டவர். புதிய வீடுகளின் சுவருக்குள்ளே மரச்சட்டங்களாலான கூடு ஒன்றை வைக்கச் செய்தனர். நிலம் அசைந்தால் கூடு வளைந்து கொடுக்கும். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரரை அணிநடை போடச்செய்து, அந்த அதிர்வினால் சோதித்தார்கள் என்பர். இவ்வளவும் செய்தவர்கள், கார்மோ மடத்துத் தேவாலயத்துக்கு மட்டும் கூரை போடாது விட்டுவிட்டனர். இன்றும் அதன் வளைவுகள் வெறும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. கீழே புல் முளைத்திருக்கின்றது. நான் லிஸ்பனில் அதிக நேரம் நின்ற இடம் அதுவே.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் சாந்தோமிங்கோஸ் தேவாலயம். 1959இல் நிகழ்ந்த தீயினாற் கருகி வெடித்த தூண்களை அப்படியே விட்டுத்தான் பின்னர் அதனைத் திறந்திருக்கின்றனர். அதன் வாயிற்புறத்திலே, தாவீதின் நட்சத்திரம் பொறித்த கல் ஒன்று 2008இல் நாட்டப்பட்டது. 1506ஆம் ஆண்டு சித்திரையில், கட்டாயமாக மதம் மாற்றப்பெற்ற யூதர்மீது இங்கே மூண்ட வெறி நகரெங்கும் பரவிற்று. மடிந்தோர் இரண்டாயிரம் அளவில் என்று மதிப்பர். ஐந்நூறு ஆண்டுகள் கழித்தேனும் ஒரு நகரம் தன் வாயிலிலேயே தன் குற்றத்தை எழுதி வைத்திருப்பது எளிதான காரியமன்று.

மாலையில் ஒரு சிறு கடையில் அமர்ந்தேன். நான் இருந்தது கதிரை. அவர்களும் ஏறக்குறைய அதே ஒலியில் கதெய்ரா என்கின்றனர். முன்னாலிருந்தது மேசை, அருகே யன்னல், உள்ளே குசினி. தட்டில் வந்தது பாண். எதிர்ச்சுவரில் அலுமாரி. அப்பால் ஒரு கடையிலே சப்பாத்து, கழுசான், துவாய். என் பாட்டியார் இவையனைத்தும் சுத்தத் தமிழென்றே எண்ணி வாழ்ந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்களின் மொழியில்தான் கோயிலுக்குப் போகுமுன் அவர் துவாய் கேட்டார். இதை எண்ணிச் சிரிப்பதா, வேறென் செய்வதா என்று எனக்குத் தோன்றவில்லை. பாணைத் தின்று முடித்தேன்.

ஞாயிறு காலை பெலேம். 1497 ஜூலையில் வாஸ்கொடகாமா புறப்பட்டது இப்பகுதியிலிருந்துதான். ஜெரோனிமோஸ் மடத்தின் கட்டட வேலை 1501இல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நடைபெற்றது. ஆபிரிக்க, கீழைத்தேய வாணிகத்தின்மீது விதித்த வரியே அதற்கு முதல். தூண்களிலே கப்பற் கயிறும் கடற்செடியும் கல்லாகிப் படர்ந்துள்ளன. அழகிலே குறை சொல்ல என்னால் இயலாது. வாசலுக்கு அண்மையில் காமாவின் கல்லறை. அதற்கெதிரே கவிஞர் கமொயென்சின் கல்லறை. இலங்கையின் கறுவாவும் அவ்வரிப் பணத்திற் சேர்ந்திருக்கும் என்று கூட வந்த பயணிகள் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் பக்கத்திலே 1837 முதல் நடக்கும் பலகாரக் கடையில், முட்டைப் பாகு அடைத்த சிறு அப்பத்தின்மேல் எல்லோரும் கறுவாத் தூளைத் தூவிக்கொண்டுதான் உண்கின்றனர்.

ஆற்றோரத்தில் 1960இல் எழுப்பிய பெரிய நினைவுச்சின்னம் ஒன்று கப்பலின் முன்னணியத்தைப்போல் நீட்டி நிற்கின்றது. சலசாரின் ஆட்சிக்காலத்து வேலை. இளவரசர் ஹென்றியின் தலைமையில் மாலுமிகள், அரசர்கள், குருமார்; அவர்களுள் மன்னார் மக்கள் மறவாத புனித பிரான்சிஸ் சவேரியாரும் ஒருவர். எல்லோரும் கடலை நோக்கி ஏறுகின்றனர். அவர்கள் போய் இறங்கிய கரை எதுவும் அச்சிலையில் இல்லை. 1619இல் தோற்றுப் பிடிபட்டு, கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு 1623இல் அங்கே கொல்லப்பட்ட சங்கிலி குமாரனை இங்கே தேடுவது பேதைமை என்று அறிவேன். எனினும், தன் நகரத்துத் தூண்களின் கருக்கலையும் மறைக்காத லிஸ்பன், ஆற்றின் இப்பக்கத்தில் புறப்பாட்டை மட்டுமே காட்டுகின்றது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

ஊர் திரும்புமுன் பார்க்கவேண்டிய இடம் ஒன்று மீந்திருந்தது. போர்த்துக்கல்லின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தொர்ரெ தொ தொம்பு என்று பெயர். தொர்ரெ என்பது கோபுரம். தொம்பு என்பது, யாழ்ப்பாணத்துக் காணிக்காரர் யாவரும் அறிந்த எமது தோம்பேதான். பதினான்காம் நூற்றாண்டு முதல் கோட்டைக் கோபுரத்திலே இருந்த ஏடுகள், 1755இல் கோபுரம் சரிந்தபோது இடிபாட்டிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டுப் பலகைக் கொட்டிலில் வைக்கப்பட்டன. அரண்மனை நூலகம் அழிந்தது, இவை பிழைத்தன. 1990 முதல் பல்கலைக்கழகப் பகுதியிலுள்ள புதிய கட்டடத்தில் உள்ளன. பறங்கியர் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுத விரும்பும் எம் மாணவன், ஆங்கில மொழிபெயர்ப்போடு நின்றுவிடாது, போர்த்துக்கேய மொழியைக் கற்று அந்நாட்டுக் காப்பகங்களின் வாயிலைத் தட்டவேண்டும். வீட்டுப் பொருட்களின் பெயர்களை அவன் ஏற்கெனவே அறிவான். மிச்சத்தைக் கற்பதற்கு இரண்டொரு வருடம் போதும்.

நான் சென்றபோது, ஞாயிற்றுக்கிழமையாதலின், பெரிய கதவு பூட்டியிருந்தது. என் விமானம் அன்றிரவே.