வீட்டுக்காரர் சம்மதம்

தெருவில் மீட்ட பூனைக்குட்டிகளைத் தற்காலிகமாக வளர்த்து, பிறகு வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் தன்னார்வலராக இருக்கிறேன். குட்டி கேட்டு வருபவர்களுக்கு ஒரு படிவம் கொடுப்போம். சன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா, தடுப்பூசி போடுவீர்களா, கருத்தடை செய்வீர்களா என்று அதில் கேட்பது நியாயம். அடுத்த வரியோடுதான் எனக்குச் சண்டை: ‘குடும்பத்தார் சம்மதம் உண்டா?’

ஆண் நிரப்பிய படிவத்தில் அந்த வரியை யாரும் நின்று பார்ப்பதில்லை. பெண் நிரப்பினால் போன் போட்டுக் கேட்கிறோம், “மேடம், உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா?” கல்யாணமாகாதவள் என்றால் அப்பாவிடம் பேச வேண்டுமாம். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் மூன்று பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண் என்றால் விசாரணைகூடக் கிடையாது, நேராக நிராகரிப்புதான். “நாளைக்குக் கல்யாணமாகிப் போயிடுவாங்க. அப்புறம் பூனை என்ன ஆகும்?”

பூனைகள் திரும்பி வருவது உண்மைதான். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று வரும். மாமியாருக்குப் பிடிக்கவில்லை, சகுனம் சரியில்லை என்று வரும். வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னார் என்று வரும். (வாடகைக்கு விடும்போதே ‘அசைவமா’ என்று சாதியை மோப்பம் பிடிக்கும் ஓனர்தான் பூனைக்கு வைக்கும் மீனிலும் குற்றம் காண்கிறார்.) கூடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். முடிவை எடுத்தது வேறு யாரோ. ஆனால் எங்கள் குழுவில் அது ‘பெண்களை நம்பிக் கொடுக்க முடியாது’ என்று பதிவாகிறது. எந்த அதிகாரம் அவளைப் பூனையோடு இருக்க விடவில்லையோ, அதே அதிகாரத்திடம் அனுமதிக் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறோம்.

கர்ப்பம் இன்னொரு காரணம். ‘பூனை முடி வயிற்றுக்குள் போய்விடும், குழந்தைக்கு ஆபத்து’ என்று நாள் தள்ளிப்போன வாரமே பூனையை வெளியேற்றிவிடுவார்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருப்பதும், கருவைப் பாதிக்கக்கூடியது என்பதும் நிஜம். ஆனால் அது முடியில் இல்லை, மலத்தில் இருக்கிறது. பெரும்பாலும் முதல்முறை தொற்று வந்த பூனைதான் சில வாரங்களுக்கு அதை வெளியேற்றும். வெளியே வந்த பிறகும் தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் வழியாகவும் அது வரும். ஆகவே மருத்துவர்கள் சொல்வது, பூனையின் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதைக் கர்ப்பிணி அல்லாத வேறொருவர் செய்யட்டும் என்பதுதான். அந்த வேறொருவர், வீட்டுக்காரர். ஒன்பது மாதம் தினமும் ஐந்து நிமிடம் மணல் அள்ள அவருக்கு மனமில்லை, பூனை போகிறது. சம்மதம் கேட்டு நாம் போன் போட்டது இவருக்குத்தான்!

சரி, இந்தக் குட்டிகளை வளர்த்து ஆளாக்குவது யார்? எங்கள் குழுவில் குட்டி வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் பெண்தான் பார்க்கிறாள். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் பால் புகட்ட வேண்டும், இரவிலும். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். குட்டிகளுக்கென்று விற்கும் பால் பவுடர்தான் வேண்டும், அது மலிவில்லை. தாயில்லாத குட்டிக்கு ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால்தான் சிறுநீரே வரும். எங்கள் ஊர்ப்பக்கத்து மாட்டாஸ்பத்திரி, பெயருக்கேற்ப மாட்டுக்கானது. கொஞ்சம் சிக்கலான நோய் என்றால் கூடையைத் துணியால் மூடி, எலெக்ட்ரிக் ரயிலில் லேடீஸ் பெட்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அன்றைய சம்பளம் போச்சு.

இதற்குக் கிடைப்பது ஒரு பாராட்டு: ‘உங்களுக்குத் தாயுள்ளம்.’ எனக்கு இந்தச் சொல் ஆகவே ஆகாது. தாயுள்ளம் என்று சொல்லிவிட்டால் பில் கேட்க முடியாது, ‘இந்த மாதம் என்னால் முடியாது’ என்று சொல்லவும் முடியாது. 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். பூனைக்குட்டி அந்த 299-க்கு மேல் வந்து உட்காருகிறது. ‘நீங்களாக விரும்பித்தானே வந்தீர்கள்’ என்பார்கள். விரும்பித்தான் வந்தேன். விரும்பிச் செய்யும் வேலைக்குச் செலவுக் கணக்கு இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? குழுவில் கணக்கு வழக்கு பார்க்கும் ஆண்கள் பெட்ரோலுக்கு ரசீது வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். அதை யாரும் தந்தையுள்ளம் என்று சொல்லித் தடுப்பதில்லை.

இந்த நாட்டில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கான மசோதாவை மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாக முதலில் கொண்டுபோனவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சட்டத்துக்கு வழிபோட்டது பெண், குட்டிக்குப் பால் புகட்டுவது பெண். அவள் ஒரு பூனையைச் சொந்தமாக வைத்துக்கொள்ள மட்டும் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கிறது.

போன கூட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்மத வரியை எடுங்கள். ‘நீங்கள் இடம் மாறினால் பூனையை யார் பார்ப்பார்கள், மணல் தட்டை யார் சுத்தம் செய்வார்கள்’ என்று ஆண், பெண் எல்லோரிடமும் கேளுங்கள். அறையில் தங்கியிருக்கும் பெண்களுக்கும் குட்டி கொடுங்கள். மூன்று பேர் மூன்று ஷிப்டில் போனால் பூனை தனியாக இருக்கும் நேரம், வேலைக்குப் போகும் தம்பதி வீட்டைவிடக் குறைவு. பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் பூனையைத் திருப்பி வாங்குவதற்குப் பதில், சில மாதம் பார்த்துக்கொண்டு அவளிடமே திருப்பிக் கொடுங்கள். பால் பவுடருக்கும் ஆட்டோவுக்கும் பணம் கொடுங்கள்.

யோசிக்கலாம் என்றார்கள். அதுவரை வீட்டுக்காரர்களுக்கு நான் போன் போடுவதாக இல்லை.