தறி வீட்டில் ஒரே போன்... பிள்ளையின் முறை எப்போது?

ஆரணிப் பட்டுக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பட்டு நெய்யும் வீடுகள் பலவற்றில் குழித்தறி இருப்பது வீட்டுக்குள்ளேயேதான். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குத் தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம். ஸ்மார்ட்போனும் இருக்கும். ஆனால், வேலைக்கும் உறவுக்கும் பொழுதுபோக்குக்கும் அது ஒன்றுதான்.

பாடங்களுக்கோ குறைவில்லை. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் க்யூஆர் கோடு உண்டு. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, யூடியூபிலும் பார்க்கலாம். 2023-ல் பள்ளிக் கல்வித்துறை 'மணற்கேணி' செயலியைக் கொண்டுவந்தது. எல்லாமே இலவசம்!

அப்படியென்றால் பிள்ளைகள் போனில் படிக்கிறார்களா? நாடு முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'அசர் 2024' ஆய்வில், 14 முதல் 16 வயதுள்ளவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக போனைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவிகிதம். சோஷியல் மீடியாவுக்காக என்றால் 76! இன்னொன்றையும் கவனியுங்கள்... போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்த போன் வைத்திருக்கும் பையன்கள் சுமார் 36 சதவிகிதம், பெண்கள் 27 சதவிகிதம்தான். வீட்டில் ஒரே போன் என்றால், அக்காவின் முறை கடைசியில்தான் வரும்.

போனில் கற்க விலை உயர்ந்த மாடல் தேவையில்லை என்பதற்கு நம்ம தேனி மாவட்டமே சாட்சி. 2008 வாக்கில் 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' அமைப்பும் 'விடியல்' தொண்டு நிறுவனமும் சேர்ந்து சுமார் 300 பெண்களுக்கு ஆடு வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தன. அவர்கள் கேட்ட வங்கிக் கடனிலேயே 9 பெட்டை ஆடு, 1 கிடா, கூடவே 1 மொபைல்! பாடம் வந்தது குட்டிக் குட்டிக் குரல் செய்திகளாக. ஆடு மேய்க்கும்போதே கேட்டார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாடம் அவர்களுடைய அன்றாட வேலையைப் பற்றியது, நேரமும் அவர்களுக்குத் தோதானது. அதனால் மனதில் நின்றது.

தறி வீடோ, ஐ.டி வீடோ... இந்த மூன்றையும் செய்து பாருங்கள்:

* தினமும் அரை மணி நேரம் போனைப் படிப்புக்கென்று ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் போன் வந்தால், 'அப்புறம் கூப்பிடறேன்' என்று சொல்லிவிடலாம். அண்ணன், தங்கை இருவருக்கும் சம பங்கு.

* டேட்டா மிச்சமிருக்கும்போதே பாடத்தை டவுன்லோடு செய்துவிடுங்கள். திக்‌ஷாவில் அந்த வசதி இருக்கிறது.

* பார்த்து முடித்ததும், 'என்ன சொன்னாங்க, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. தறியில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். உங்களுக்குப் புரிகிற மாதிரி பிள்ளை சொல்லிவிட்டால், பாடம் அதற்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரம் எப்போது? இன்று ராத்திரியே பேசி முடிவு செய்யுங்களேன்!