ஓடுகிற எஞ்சினில் கை வைக்கலாமா?

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்று இனி யாரும் தனித்தனியாகப் போன் பண்ண வேண்டாம். விழுகிறது, கூட்டமும் அதே அளவுக்கு இருக்கிறது.

இன்றைக்கு எழுத வந்தது ஒரு காரைப் பற்றி. டெக்சாஸில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் 2003-ஆம் வருடத்து போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை 12,000 டாலருக்கு வாங்கியிருக்கிறான். (பேர் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டான். அவன் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.) வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் அந்த எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு பேரிங், சொல்லாமல் கொள்ளாமல் உடைவதில் பேர்போனது. "இப்பவே மாத்திரட்டுமா சார், இல்ல ஓடுற வரைக்கும் ஓட்டட்டுமா?" என்று நம் வாட்ஸப் குழுவில் கேட்டான். பாதிப் பேர் "உடனே மாத்துல" என்றீர்கள். மீதிப் பேர் "ஓடுற எஞ்சின்ல கை வைக்காதல" என்றீர்கள். நான் இரண்டு பக்கமும் இல்லை.

முதலில் கோளாறு என்னவென்று பார்ப்போம். 1990-களின் பிற்பாதியில் போர்ஷே கொண்டுவந்த எம்96 எஞ்சினில், கிராங்க் சுழற்சியை வால்வு பக்கத்துக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடி போட்ட பால் பேரிங். எஞ்சின் ஆயில் நாளாவட்டத்தில் அந்த மூடியைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. உள்ளே போன ஆயிலோ புதுப்பிக்கப்படாமல் அங்கேயே கிடந்து கெடுகிறது. பழைய சைக்கிளில் கிரீஸ் காய்ந்த பிறகு பால்ரஸ் என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் கரகரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். இங்கே பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், வால்வுகளின் நேரம் தப்பும், பிஸ்டன் போய் வால்வில் மோதும். இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். பிறகு எஞ்சினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை, அதே கம்பெனியின் அந்தக் காலத்து டர்போ, ஜிடி3 வண்டிகளின் எஞ்சின் வேறு ரகம். அதிலும் நடுத்தண்டு உண்டு. ஆனால் அழுத்தத்தோடு ஆயில் பாயும் சாதாரண புஷ் பேரிங் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2013-இல் சமரசம் ஆனது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான, ஒற்றை வரிசை பால்ரஸ் கொண்ட வண்டிகளைப் பற்றியது அது. அந்த வழக்கில் பேசப்பட்ட கணக்குப்படி ஒற்றை வரிசையில் சுமார் 8 விழுக்காடு கெட்டிருக்கிறது. அதற்கு முந்தைய இரட்டை வரிசையில் 1 விழுக்காட்டுக்கும் கீழே. நம் பையனுடையது ஒற்றை வரிசை.

இனி அவன் அனுப்பிய விலைகளை எடுத்துக்கொள்வோம். பேரிங்கை மட்டும் மாற்ற 2,500 டாலர். பொருள் விலை அதில் கொஞ்சம்தான். பேரிங் கிளட்ச் பக்கம் உட்கார்ந்திருப்பதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி அங்கேதான் போகிறது. கிளட்ச் வேலைக்காக எப்படியும் கியர்பாக்ஸை இறக்கும்போது சேர்த்து மாற்றினால் கூடுதலாக 900 டாலர். எஞ்சின் போனால் புதுசுக்கு 20,000 என்று பயமுறுத்துகிறார்கள். 12,000 டாலர் வண்டிக்கு யாராவது 20,000 டாலரில் எஞ்சின் போடுவார்களா? ஆக, அதிகபட்ச நஷ்டம் வண்டியின் விலைதான். 12,000-இல் 8 விழுக்காடு 960. 960 டாலர் ஆபத்தைத் தவிர்க்க 2,500 கொடுப்பது கட்டாது, 900 கொடுப்பது கட்டும். கணக்கு அவ்வளவுதான். இரட்டை வரிசையாக இருந்தால் ஆபத்தின் விலை 120 டாலருக்கும் கீழே போய்விடும். அப்போது கிளட்ச் வேலையோடு சேர்த்துக்கூட நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

இந்த 8 அவன் வண்டிக்கு அப்படியே பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். பலவீனமானவை முன்பே உதிர்ந்திருக்கும். மிஞ்சியவற்றில் கிரீஸும் போயிருக்கும். அதனால்தான் எண்ணை மட்டும் பார்க்காமல் எப்போது திறக்கிறோம் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

நம் ஊர் மெக்கானிக்குகள் இதைக் காகிதம் பென்சில் இல்லாமலே செய்கிறார்கள். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போய் வரும் வண்டிகளுக்குக் கிளட்ச் சீக்கிரம் தேயும். கியர்பாக்ஸ் இறங்கினால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகத்தான் மாற்றுவார்கள். பழைய ரிலீஸ் பேரிங் நன்றாகவே சுற்றும், இருந்தாலும் மாற்றுவார்கள். அதற்காக மட்டும் யாரும் கியர்பாக்ஸை இறக்குவதில்லை. தோட்டத்துப் போர் மோட்டாரை மேலே தூக்கும்போது கயிறு, ஒயரையும் பார்த்துவிடுகிறோமே, அதே கதைதான்.

"முன்கூட்டி மாத்தினா என்ன சார் கெட்டுப்போச்சு, நிம்மதிதானே" என்று கேட்டவர்களுக்கு ஒரு சேதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் பழுதுகளைக் கணக்கெடுத்தார். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை சோதனை செய்த கையோடுதான் பழுதுகள் அதிகமாக வந்தன, பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டியதில் வந்த வினை. 1978-இல் அமெரிக்காவில் நோலன், ஹீப் இருவரும் எழுதிய அறிக்கையில், விமானப் பாகங்களில் வயதை வைத்து மாற்றுவதால் பயன் பெறுபவை 11 விழுக்காடுதான் என்று கண்டார்கள். போர்ஷேயில் அந்தப் பேரிங்கைக் கழற்றி மாட்டுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. டைமிங் ஒரு பல் தப்பினால், பயந்த சேதத்தை நாமே கூலி கொடுத்து வரவழைத்த மாதிரி ஆகிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் ஓடட்டும் என்று விடச் சொல்லவில்லை. உங்களில் பலர் வைத்திருக்கும் வண்டிகளில் ரப்பர் டைமிங் பெல்ட் இருக்கிறது. ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகும். அதற்குக் கையேட்டில் கிலோமீட்டரும் வருடமும் போட்டிருக்கும், எது முந்துகிறதோ அதில் மாற்றியே ஆக வேண்டும். கோயிலில் அஷ்டபந்தனம் 12 வருடத்துக்கு ஒருமுறை சாத்துகிறார்கள், சிலை ஆடட்டும் என்று காத்திருப்பதில்லை. மருந்து இத்தனை வருடத்தில் இறுகி உதிரும் என்று தெரிந்து வைத்த கெடு அது. இந்தப் பால் பேரிங்குக்கு அப்படிக் கெடு கிடையாது. ஒன்று 30,000 மைலில் போகும், இன்னொன்று 2,00,000 மைல் ஓடும்.

அவனுக்கு நான் எழுதியது இதுதான். ஏலே, கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்கிறாய். தாங்கட்டும். அது வழுக்க ஆரம்பித்த அன்றைக்கு இரண்டையும் சேர்த்து மாற்று, இந்த வேலையை முன்பே செய்து பழகிய கையில் கொடு. அதுவரை ஆயிலைச் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே மாற்று. ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் பார், காந்தத்தை ஓட்டிப் பார். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான தூள் வந்தால் என் கணக்கெல்லாம் செல்லாது, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் லாரியில் ஏற்றி அனுப்பு. ஷெட்டில் மூடி வைத்து அழகு பார்க்காதே, வாரத்துக்கு இரண்டு நாளாவது எஞ்சின் நன்றாகச் சூடாகிற அளவுக்கு ஓட்டு. இரவில் தூக்கம் வரவில்லை என்றால் 2,500 கொடுத்து மாற்றிக்கொள், அது உன் காசு. ஆனால் அதை முதலீடு என்று உன் வீட்டுக்காரியிடம் சொல்லாதே.

கடையநல்லூர் மாப்பிள்ளை, உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்தான். கடைசியாக எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து இங்கேயே பதில் போடவும். குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் கொல்லம் போகிறீர்கள்.