அலைக்கும் அனுமதி வேண்டுமா?

செங்கற்பட்டை அடுத்த மறைமலைநகர்ப் பக்கம் சென்றால், தொழிற்சாலை வாயில்களில் காவலர்கள் 'வாக்கி டாக்கி'யில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்கப் போகும் படகுக்கும் அந்த இனத்தைச் சேர்ந்த கருவியே துணை. நம் வீட்டு வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே உதவும். இவையோ அனுப்பவும் செய்கின்றன. ஆகவே ஒவ்வொன்றும் ஒரு குட்டி வானொலி நிலையம்.

சட்டமும் அப்படியே கருதுகிறது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதையே தடை செய்தது. யாருக்கு எந்த அதிர்வெண் என்று பங்கிட்டுத் தர, 1952இல் மத்திய அரசு ஒரு தனிப் பிரிவை அமைத்தது. பழைய சட்டங்களுக்கு மாற்றாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதிலும் அனுமதி என்னும் ஏற்பாடு நீங்கவில்லை.

"என் ஆலைக்குள் நான் பேச அரசை ஏன் கேட்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

அலைக்கு மதிற்சுவர் தெரியாது. மிகை அதிர்வெண் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், அவை எட்டும் தொலைவை ஆன்டெனாக்களின் உயரமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இரு உயரங்களையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்க மூலங்களைக் கூட்டி 4.1ஆல் பெருக்குங்கள், தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரத்தில் 25 மீட்டர், படகில் 4 மீட்டர் என்றால் சுமார் 29 கிலோமீட்டர். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். குன்றுகள் மறைக்காவிட்டால், ஆலையின் பேச்சு கடலிலும் கேட்கும்.

இந்த அலைவரிசைகளில் பெரும்பாலும் அதிர்வெண் பண்பேற்ற முறையில் பேசுகிறார்கள். ஒரே அதிர்வெண்ணில் இரு குரல்கள் வந்தால், ஏற்பி வலுவானதை மட்டும் பற்றிக்கொள்ளும், மெலிந்தது மறைந்துவிடும். கடலில் ஆபத்து அழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டது 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். கரையில் ஒருவர் அறியாமல் அதில் அரட்டை அடித்தால், தொலைவில் தத்தளிக்கும் படகின் குரல் அமுங்கிப் போகும். அப்படி ஒரு குரல் எழுந்ததே கரையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே அனுமதி முறை தேவை என்றே சொல்வேன்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு கெடுபிடி கூடாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் வலுக் குறைந்த கருவிகளுக்கு 2018இல் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இது நல்ல முடிவு. எனினும் அந்தச் சிறு கருவி நடுக்கடலுக்குப் போதாது. மீனவருக்கு வேண்டியது வலுவான கருவி. அதற்கோ அனுமதி வேண்டும். ஆலைக்கு விண்ணப்பம் எழுத அலுவலர்கள் உண்டு. நான்கு பேர் செல்லும் படகுக்கு யார் இருக்கிறார்கள்? உயிருக்காகப் பேசுபவருக்கும் வணிகத்துக்காகப் பேசுபவருக்கும் ஒரே தராசு முறையாகாது. மீனவருக்கான கட்டணம் பெயரளவில் இருக்க வேண்டும். விண்ணப்பம் தமிழில், அவர் குப்பத்துக்கே வர வேண்டும். அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. பொதுச் சொத்தை முதலில் பகிர வேண்டியது யாருடன் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கும் இதில் பங்குண்டு. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். வாக்கி டாக்கி வாங்க ஆசைப்பட்டால், கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் அதிர்வெண்ணைக் கேளுங்கள்.