தையல் பிரிக்கும் வரை தீர்ப்பு வேண்டாம்

மும்பை மாட்டுங்காவிலிருந்து எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் போன் செய்தார். "இது எங்காத்து ஜூலியே இல்லைடி. ராத்திரி பூரா முனகறது. தொட்டா உறுமறது. டாக்டர் எதையோ மாத்தி வெட்டிட்டாரோன்னு பயமா இருக்கு." ஜூலிக்கு முந்தின நாள்தான் கருத்தடை அறுவை. செம்பூரில் எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் வந்த புகார் இதற்கு நேர் எதிர். "டாமிக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் ஆச்சு. இன்னும் கேட்டைத் தாண்டி ஓடுறான். காசுதான் தண்டம்." ஒருவருக்கு நாய் மாறிவிட்டதே என்ற கவலை, இன்னொருவருக்கு மாறவில்லையே என்ற கோபம். இருவருமே பார்க்கக் கூடாத நாளில் நாயைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்பது என் கட்சி.

பெண் நாய்க்கு இது சின்ன வேலை இல்லை. வயிற்றைத் திறந்து கருப்பையையும் சினைப்பைகளையும் எடுக்கிறார்கள். ஆண் நாய்க்கு விதைகளை மட்டும் எடுப்பதால் காயம் சிறியது, தேறுவதும் சீக்கிரம். இரண்டுக்கும் முதல் இரவு மட்டும் ஒரே மாதிரிதான், ஏனென்றால் அந்த இரவு மயக்க மருந்தினுடையது. நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் கெட்டமின் இறங்கும்போது நாய் கண்ணைத் திறந்துகொண்டே தலையை ஆட்டும், ஊளையிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ என்று பார்க்கும். உடம்புச் சூடு குறைந்திருப்பதால் நடுங்கும். வீட்டை ஒரு நாளும் அசுத்தம் செய்யாத நாய் படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். மூச்சுக்குழாயில் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாள் வறட்டு இருமலும் இருக்கும். வீட்டில் வேறொரு நாய் இருந்தால், ஆஸ்பத்திரி வாடையோடு வருகிறவளை அதுவும் அந்நியளாகவே நடத்தும். ஜூலி முனகியது மாமியின் மேல் உள்ள கோபத்தால் அல்ல. மருந்து முழுதாக இறங்க ஒரு நாள் ஆகும். அதுவரை இருட்டான மூலையும் ஒரு பழைய போர்வையும் போதும். கொஞ்சுவதற்குக்கூட அந்த இரவு ஏற்றதல்ல.

அடுத்த பத்து நாள் வலியினுடையது. தூக்க வரும் குழந்தையைப் பார்த்து நாய் உறுமினால் 'நன்றி கெட்டது' என்கிறோம். அதற்கு வேறு பாஷை கிடையாது. உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்காக அடித்தால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காமல் இருப்பது சகஜம், வெறும் வயிற்றில்தானே அறுவை நடந்தது. ஆனால் ஒரு நாள் தாண்டியும் சாப்பிடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது, தையலில் நீர் கசிகிறது, வயிறு வீங்குகிறது என்றால் அதைக் குணக்கேடு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் வலி மாத்திரை எதுவும் ஆகாது. பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம். தையலில் மஞ்சள் குழைத்துப் போடும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், குளிப்பாட்டலும் வேண்டாம்.

மும்பைக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. தாராவியிலும் பழைய மாட்டுங்காவிலும் லிஃப்ட் இல்லாத மாடிகள் எத்தனையோ. தையல் பிரிக்கும் வரை, அதாவது பத்திலிருந்து பதினான்கு நாள், படியேறவும் குதிக்கவும் கூடாது என்பார் மருத்துவர். மூன்றாம் நாளே வலி குறைந்து, நாய்க்குத் துள்ள வேண்டும்போல் இருக்கும். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு, ஓடத் தடை, இருப்பதோ பத்துக்குப் பத்து அறை. இந்த நிலையில் அது செருப்பைக் கடிப்பதும் கதவைப் பிராண்டுவதும் அறுவையின் விளைவல்ல, அடைத்து வைத்ததன் விளைவு. துணியைச் சுருட்டி உள்ளே பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தேடவிட்டால் நடக்காமலே களைத்துப் போகும்.

மருந்துக்கும் வலிக்கும் அடுத்து, மூன்றாவது நாட்காட்டி ஹார்மோனுடையது. பலரையும் திகைக்க வைப்பது இதுதான். அறுவை முடிந்த சில நாளில் பெண் நாய் கட்டிலுக்கடியில் துணிகளை இழுத்துப் போட்டுக் கூடு கட்டும். ஒரு பொம்மையையோ ஒற்றைக் காலுறையையோ மடியில் அணைத்துக்கொண்டு, யாராவது எடுக்க வந்தால் பல்லைக் காட்டும். சிலவற்றுக்கு மடியில் பாலே சுரந்துவிடும். கருப்பையை எடுத்தாயிற்று, பிறகு தாய்மை எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். நாயின் உடம்பில், சினைப்பருவம் முடிந்த பிறகு, கரு தரித்தாலும் தரிக்காவிட்டாலும் சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்ட்ரான் உயர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் சினைப்பையை எடுத்தால் அது ஒரேயடியாகச் சரியும், பால் சுரப்பிக்கும் புரோலாக்டின் ஏறும். பிரசவம் முடிந்தபோது நடப்பதும் இதேதான். உடம்பு குட்டி பிறந்துவிட்டதாகவே நம்பிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். மடியைப் பிதுக்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் அடங்கும். இதற்காகத்தான் சினைப்பருவம் கழிந்து இரண்டு மூன்று மாதம் பொறுத்து அறுவை செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

டாமியின் கணக்கு வேறு. விதை எடுத்த ஓரிரு நாளிலேயே டெஸ்டோஸ்டிரான் அடிமட்டத்துக்குப் போய்விடும். ஆனால் முன்பே குழாய்களில் தங்கிய விந்தணுக்கள் சில வாரம் இருக்கும். அதனால் முதல் ஒன்றரை மாதம் அவனைச் சினைக்கு வந்த பெண் நாயின் பக்கம் விடக் கூடாது. ஊர் சுற்றுவது, மேலேறுவது, ஆணோடு ஆண் சண்டை, கண்ட கம்பத்தில் காலைத் தூக்குவது எல்லாம் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் குறையும். ஆண்டுக்கணக்காகப் பழகிய பழக்கம் ஹார்மோன் போன பின்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டாசுக்கு நடுங்குவது, அந்நியரைக் கண்டு குரைப்பது, சோற்றுத் தட்டைக் காப்பது ஆகியவை கத்தியால் தீருபவை அல்ல. அவை பயத்திலிருந்து வருபவை. ஏற்கெனவே பயந்த நாய் சில சமயம் இன்னும் கொஞ்சம் பயப்படுவதும் உண்டு. ஒன்று மட்டும் நிச்சயமாக மாறும். பசி கூடும், உடம்புக்குத் தேவையான உணவோ குறையும். மாட்டுங்கா வீடுகளில் தயிர்சாதம் உருட்டிப் போடுகிறவர்கள் உருண்டையில் கால்வாசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது கூரைக்குக் கீழ் வாழும் நாய்களின் கதை. மும்பையில் அறுவை மேசைக்குப் போகிறவற்றில் பெரும்பகுதிக்குக் கூரை கிடையாது. இந்நகரில் ஒரு காலத்தில் தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கொன்றும் எண்ணிக்கையும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. 1994-இல் அதைக் கைவிட்டு மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது. சென்னையில் அறுபதுகளிலேயே புளூ கிராஸ் சொல்லிக்கொண்டிருந்த வழி அது. அங்கேயும் மாநகராட்சி 1996-இல்தான் அதை ஏற்றது. 2014 கணக்கெடுப்பில் மும்பையின் தெருநாய்கள் 95,172. விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் திருத்தி எழுதப்பட்டன. பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான சாரம்.

தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "வண்டியில கொண்டாந்து விட்டாவ தாயி. நம்ம கருப்பன் ஆளே மாறிட்டான்லா! இட்லி போட்டா கிட்ட வரமாட்டேங்கான். தள்ளுவண்டிக்கு அடியில கெடந்து முறைக்கான்." வலையில் விழுந்த அச்சம், கூண்டு, நாலா பக்கமும் குரைப்பு, ஊசி, வயிற்றிலோ தொடையிடுக்கிலோ வலி. இத்தனைக்கும் பிறகு அவன் ஓடி வந்து வாலாட்டினால்தான் ஆச்சரியம். அவன் இல்லாத நாளில் தெருவில் வேறொருவன் அவனிடத்தைப் பிடித்திருக்கவும் கூடும். மருந்து வாடையோடு திரும்புகிறவனைப் பழைய கூட்டாளிகளே சூழ்ந்து முகர்ந்து குரைப்பார்கள்.

இங்கேதான் ஆபத்து. ஒதுங்கிக் கிடக்கும், உறுமும் நாயைப் பார்த்ததும் 'வெறி பிடித்துவிட்டது' என்று யாராவது கத்தினால் கல் பறக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். அறுவை முடிந்த நாய் நாளுக்கு நாள் தேறும். வெறிநோய் வந்த நாய் நாளுக்கு நாள் மோசமாகும். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், கால் இழுக்கும், பத்து நாளுக்குள் செத்துப்போகும். சந்தேகம் இருந்தால் மாநகராட்சிக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பதே சரி. எந்த நாய் கடித்தாலும், காதில் வெட்டு இருந்தாலும், கால் மணி நேரம் குழாய் நீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும்.

அப்படியானால் கருத்தடையால் தெருவுக்கு என்ன லாபம்? கருப்பனின் குணத்தைத் திருத்துவது அதன் வேலை அல்ல. தெருவில் குட்டிகள் பிறப்பதைக் குறைப்பதே அதன் வேலை. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு 364 தெருக்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் எழுதியது: இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதமே. மீதிக் குட்டிகளின் சாவுக்கும் நாமே பெரிய காரணம். குட்டி குறைந்தால் குட்டியைக் காக்கத் தாய் கடிப்பதும் குறையும். ஜெய்ப்பூரில் 'ஹெல்ப் இன் சஃபரிங்' அமைப்பு நடத்திய கருத்தடைத் திட்டத்தின்போது நாய்க்கடி குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது பல ஆண்டில் தெரியும் பலன். வண்டி வந்து விட்டுப்போன மறுநாள் தேடினால் கிடைக்காது.

எந்த நாளில் நாயைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது என்ற இந்தத் தேதிப் பிரச்சினைக்கு இப்போது சட்டத்தின் கனமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்றது. விதிவிலக்கு நியாயமானதுதான். ஆனால் மூர்க்கம் என்று யார், எந்த நாளில் முடிவு செய்வது? மயக்கம் தெளியாத இரவிலா? தையல் இழுக்கும் மூன்றாம் நாள் கூண்டுக்குள் கையை நீட்டும்போதா? வலியில் உறுமிய நாய் ஆயுள் முழுக்கக் கூண்டில் கிடக்க நேரலாம்.

என் யோசனை செலவில்லாதது. நாய் பிடிக்க வருமுன் அந்தப் பகுதியில் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதே பலகையில் மராத்தி, இந்தி, தமிழில் இன்னும் நாலு வரி சேர்க்கலாம். இந்தத் தெரு நாய்கள் இன்ன தேதியில் திரும்பும். பத்து நாள் தொடாதீர்கள், துரத்தாதீர்கள். சோறும் தண்ணீரும் தள்ளி வையுங்கள். தையல் பிரிந்தாலோ சாப்பிடாமல் கிடந்தாலோ இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். வீட்டு நாய்க்கு மருத்துவர் சீட்டில் எழுதித் தருவதைத் தெருநாய்க்கு மாநகராட்சி பலகையில் எழுதட்டும். மூர்க்கமா இல்லையா என்ற முடிவை அந்தப் பத்து நாள் கழித்து எடுக்கட்டும்.