குவளைத் தண்ணீரில் மலைமண்ணை அளப்பவர்கள்

எலும்புத்தூளும், கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஸ்ட்ரூவைட் படிகமும் பயிருக்குப் பாஸ்பரஸ் என்னும் மணிச்சத்தைத் தரவே தராது, எல்லாம் குப்பையைத் திருப்பி விற்கிற வேலை என்று மேடைக்கு மேடை முழங்கும் உர நிபுணர்களே, நீங்கள் பேசுவது எந்த மண்ணைப் பற்றி?

அவர்களுடைய பெரிய ஆதாரம் ஒரு குவளைத் தண்ணீர். அதில் டிஏபி என்னும் ரசாயன உரத்தைப் போட்டால் கரைகிறது, ஸ்ட்ரூவைட் அடியில் கிடக்கிறது, ஆகவே அது செத்த உரம். கேட்பவன் கேனையன் என்றால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள். அந்த நினைப்பில் சொல்லப்பட்ட வாதம் இது. கொடைக்கானலை ஒட்டிய பூம்பாறையிலும் மன்னவனூரிலும் யாரும் குவளையில் பூண்டு நடுவதில்லை. பழனி மலையின் மேல்மட்டத்து மண் அமில மண். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதில் மண்டிக் கிடக்கின்றன. கரைந்த மணிச்சத்து வந்த மாத்திரத்தில் அவை அதைக் கவ்விக்கொள்வதால், அடியுரமாகக் கொட்டிய மூட்டையில் பெரும்பகுதி அந்தப் போகத்துப் பயிருக்கு எட்டுவதே இல்லை. சட்டென்று கரைவதைத் தகுதியாகக் கொண்டாடுகிறவர் இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்? எலும்புத்தூளையும் ஸ்ட்ரூவைட்டையும் கரைப்பதோ மண்ணின் அதே அமிலமும் பயிரின் வேரும்தான். பூண்டின் சல்லிவேர் ஒரு துணுக்கைத் தொடும் இடத்தில் கரிம அமிலம் கசிகிறது; துணுக்கின் ஓரம் மெல்லக் கரைகிறது; கரைந்ததில் ஒரு பங்கை, மண் கவ்வுமுன் வேர் எடுத்துக்கொள்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைகூட ஆவியில் வேகவைத்த எலும்புத்தூளைத் தண்ணீரால் அளக்கச் சொல்லவில்லை. 2 சதவீத சிட்ரிக் அமிலத்தில் கரையும் மணிச்சத்து 16 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. நிபுணர் இதைப் படிக்கவில்லையா, படித்தும் மறைக்கிறாரா?

காப்பிக்கும் தேயிலைக்கும் அமில மண்ணில் பாறை பாஸ்பேட்டைப் பரிந்துரைக்கும்போது இவர்களில் ஒருவரும் குவளையைத் தூக்கவில்லை; அதுவும் தண்ணீரில் கரையாத சரக்குதான். பாறையிலிருந்து வந்தால் 'மெதுவாகக் கரையும் உரம்', சாக்கடையிலிருந்து வந்தால் 'கரையாத குப்பை'. இது வேதியியலா, தீட்டா? தீட்டுப் பார்த்தால் பாஸ்பரஸையே விலக்கிவைக்க வேண்டியிருக்கும். 1669-இல் ஹென்னிக் பிராண்ட் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தது சிறுநீரிலிருந்து. இவர்கள் தலைமேல் வைத்து ஆடும் சூப்பர் பாஸ்பேட்டுக்கு 1842-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஜான் பென்னெட் லாஸ், எலும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்துத்தான் தன் சோதனைகளைத் தொடங்கினார்.

பயிருக்கு எட்டாத அளவுக்குக் கரையாதது என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, மறுமூச்சில் இந்த உரம் மழையில் கரைந்தோடிக் கொடைக்கானல் ஏரியைப் பாசியாக்கிவிடும் என்று பதறுகிறார்களே, எது உண்மை? வேருக்குக் கரையாதது ஏரிக்கு மட்டும் கரையுமா? ஏரியில் நீர்க்களை மண்டுவதற்கு ஊரின் கழிவுநீர் சுமந்து வரும் சத்து போதாதா? அந்தச் சத்தை ஏரியில் சேருமுன் படிகமாக்கி வயலுக்கு அனுப்பலாம் என்பதுதானே எங்கள் வாதம்!

இந்த உரங்களை எல்லா மண்ணுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்பு ஏறிய சமவெளி மண்ணில் எலும்புத்தூள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அங்கே அதை விற்பவன் ஏமாற்றுக்காரன்தான். உருளைக்கிழங்குக்குத் தொடக்கத்தில் கொஞ்சம் கரையும் மணிச்சத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கன உலோகம் கலந்த சாக்கடைச் சேற்றை நேரடியாகத் தோட்டத்தில் கொட்டவும் கூடாது. தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் ஏற்கெனவே பட்டுத் தெளிந்த கொடைக்கானலுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சேறு வேறு, அதிலிருந்து பிரித்தெடுத்த படிகம் வேறு என்பதைத் தெரிந்தே குழப்புவது அறிவுலக மோசடி.

மோசடியால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். 2021 மே மாதத்தில் டிஏபி மூட்டை ஒன்றுக்கு மத்திய அரசின் மானியம் 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது; 2,400 ரூபாய் விலையுள்ள மூட்டை விவசாயிக்கு 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. எலும்புத்தூளுக்கு அப்படி ஒரு கை தாங்கலாக நீண்டதுண்டா? பாதி விலையை அரசு கட்டும் மூட்டையையும், முழு விலையையும் விவசாயியே கட்டும் மூட்டையையும் பக்கத்தில் வைத்து, 'பார், இது கட்டுப்படியாகாது' என்று காட்டுவதற்குப் பெயர் பொருளாதாரமா?

உண்மை தெரிய வேண்டுமானால், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் காடுகளில், இந்த நிபுணர்கள் மண் பரிசோதனை செய்து, ஒரே மணிச்சத்து அளவில், டிஏபி ஒரு பாத்தி, எலும்புத்தூள் ஒரு பாத்தி, ஸ்ட்ரூவைட் ஒரு பாத்தி, எதுவும் இடாதது ஒரு பாத்தி என்று போடட்டும். ஒரு போகத்தோடு நிறுத்தாமல் அடுத்த போகத்து விளைச்சலையும் நிறுத்துப் பார்க்கட்டும். அதைச் செய்யாதவரை, குவளையை மேடையில் தூக்கிக் காட்டுகிறவரின் பேச்சை மலை விவசாயி கேட்க வேண்டிய அவசியமில்லை.