சாத்திய கதவும் பூட்டிய கதவும்

அண்மையில் வாசித்த ஒரு மொழிபெயர்ப்புச் சிறுகதையில், கணவனிடம் கோபித்துக்கொண்டு அறைக்குள் போன மனைவி 'கதவைப் பூட்டிக்கொண்டாள்' என்றிருந்தது. ஆங்கில மூலத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கிருந்த சொல் 'லாக்' அன்று, 'க்ளோஸ்'. தள்ளினால் திறந்துவிடும் கதவு அது. கணவன் கடைசிவரை தள்ளவில்லை என்பதே கதை. தமிழில் அவன்மீது பழியே இல்லாமல் போய்விட்டது. பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வசிப்பவன் என்பதாலோ என்னவோ, இந்தப் பிழை எனக்குச் சற்றுக் கூடுதலாகவே உறுத்திற்று.

'க்ளோஸ்' இடைவெளியை இல்லாமலாக்கும் சொல். அதனால்தான் எழுத்து மாறாமல், ஈற்றொலி மட்டும் மாறி, 'நெருக்கமான' என்னும் பொருளில் பெயரடையாகவும் வருகிறது. கண், புத்தகம், வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 'லாக்' என்பதோ பெயரும் வினையுமாக நிற்பது. கதவைப் பொறுத்தவரை, கருவியொன்றின் துணையின்றி அந்த வினை நிகழாது.

தமிழிலும் 'பூட்டு' பெயராகவும் வினையாகவும் வருகிறது. காண்–காட்டு, உண்–ஊட்டு போலப் பூண்–பூட்டு. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். பிணைத்தலே அதன் அடிப்பொருள். வெறுமனே சாத்துவதற்கு அதைப் பயன்படுத்துவது எப்படித் தகும்?

எதிர்ச்சொற்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆங்கிலத்தில் 'அன்லாக்' வேறு, 'ஓப்பன்' வேறு. நாமோ பூட்டையும் திறக்கிறோம், கதவையும் திறக்கிறோம். ஆகவே, 'பூட்டைத் திறந்தான். ஆனால் கதவைத் திறக்கவில்லை' என்று விரித்தெழுதும் பொறுமை மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டும்.

கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் அலிகாரிலிருந்து வரும் மலிவான இயந்திரப் பூட்டுகள் சந்தையைப் பிடித்துக்கொள்ள, இங்கே தொழில் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். மாங்காய்ப் பூட்டின் லீவர்களை அரத்தால் ராவிச் சாவியோடு இசைவிக்கும் தொழிலாளி, 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்று அதைக் கீழே வைப்பதில்லை. ஏறக்குறையப் பொருந்தும் சாவி பூட்டைத் திறக்காது என்பது அவருக்குத் தெரியும்.

'சாவி' என்ற சொல்லையே போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றவர்கள் நாம். கடன் வாங்குவதில் இழுக்கில்லை. கையிலிருக்கும் சாத்து, மூடு, அடை, தாழிடு, பூட்டு என்னும் சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மறந்துபோவதுதான் இழுக்கு. அகராதி முதலில் நீட்டும் சொல்லை எடுத்துக்கொள்வதற்குமுன், கதவின் அந்தப் பக்கம் நிற்பவன் தள்ளினால் அது திறக்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.